வெளியே வராத தோட்டா

"அஞ்சாவது," என்று சொல்லிவிட்டு அருள்ஜோசப் விசையை அழுத்தினார்.

கல் குவாரியின் மூன்று சுவர்களிலும் சத்தம் மோதித் திரும்பியது. அதே கணத்தில் துப்பாக்கியின் வலது பக்க ஜன்னல் திறந்து, ஒரு சிவப்பு நிறக் காலித் தோட்டா வெளியே பாய்ந்தது. காற்றில் இரண்டு சுற்று சுற்றி, மேரிராணியின் உதவியாளன் நவீன்குமாரின் ஷூ மேல் விழுந்தது.

அவன் குனிந்து எடுத்தான். "அஞ்சுக்கு அஞ்சும் வெளிய வந்துருச்சு மேடம். காலேஜ்ல கிளாஸ விட்டு நான்கூட இவ்ளோ கரெக்டா வெளிய வந்ததில்ல."

மேரிராணி சிரிக்கவில்லை. அவளுடைய கண் துப்பாக்கி மேலேயே இருந்தது.

சற்றுத் தள்ளி ஜீப்பில் சாய்ந்து நின்ற சப்-இன்ஸ்பெக்டர் தர்ஷினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "துப்பாக்கி நல்லா வேலை செய்யுதுங்க மேடம். கோர்ட்ல பர்மிஷன் வாங்கி, கிருஷ்ணகிரி வரைக்கும் வந்து, எங்க கேஸுக்குத்தான் நீங்க பலம் சேத்திருக்கீங்க."

"நல்லா வேலை செய்யுதுங்கறதுதான் எனக்கு சந்தேகமே," என்றாள் மேரிராணி.

வழக்கு சிறியது. எட்டு நாட்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஜவளகிரியைத் தாண்டி காட்டோரத்தில் இருக்கும் ஒரு நிலத்தில் ஜெகதீஷ் என்பவனுக்குத் தொடையில் குண்டு பாய்ந்தது. பக்கத்து நிலத்துக்காரர் பொன்னுசாமி. அறுபத்து மூன்று வயது, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். பயிர்ப் பாதுகாப்புக்காக லைசென்ஸ் பெற்ற 'பன்னிரண்டு போர்' ரக வேட்டைத் துப்பாக்கி அவரிடம் இருந்தது. போலீஸ் போனபோது அது அவர் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு அதற்குள்ளேயே சிக்கியிருந்தது. வரப்புத் தகராறில் பொன்னுசாமிதான் சுட்டார் என்று வழக்கு. கொலை முயற்சி. மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது.

பொன்னுசாமி இதுவரை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெங்களூரில் இருக்கும் மகள் லாவண்யா தொலைபேசியில்தான் மேரிராணியை அமர்த்தினாள். "என்னால வர முடியாது, நீங்க பாத்துக்குங்க," என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

துப்பறியும் தொழிலுக்கு வருமுன் மேரிராணி ஓசூர் சிப்காட்டில் இருபத்திரண்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவள். ஒரு பாகம் கெட்டு வந்தால் அதைக் குப்பையில் போடாமல், எந்த மெஷினில், யார் கையில், எப்படிப் பிடித்திருந்தபோது கெட்டது என்று தேடிப் போவாள். அந்தப் பழக்கம் போகவில்லை.

"அண்ணே, கழட்டுங்க," என்றாள்.

அருள்ஜோசப் போலீஸ் ஆயுதக் கிடங்கில் முப்பது வருடம் துப்பாக்கி பழுது பார்த்தவர். ஜீப்பின் பானெட் மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, துப்பாக்கியைக் கழற்றிப் பாகம் பாகமாக அடுக்கினார்.

"காலித் தோட்டா வெளிய வரலேன்னா என்னென்ன காரணம் இருக்கும்?"

"மொதல்ல அழுக்கு. பழைய எண்ணெய் கெட்டியாகிப் பிசின் மாதிரி ஒட்டிக்கும். ஆனா இத பாருங்க, சாப்பாட்டுத் தட்டு மாதிரி தொடச்சு வெச்சிருக்காரு மனுஷன்."

"தோட்டால மருந்து கம்மியா இருந்தா?"

"இருந்தா வராதுதான். ஆனா இப்ப சுட்ட அஞ்சும் அவரு டப்பால இருந்து எடுத்ததுதானுங்களே."

"இந்தக் கொக்கி?"

அவர் குழாய்க்குப் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் 'போல்ட்' என்ற எஃகுத் தண்டின் முனையில் இருந்த சிறிய கொக்கியை நகத்தால் தட்டிக் காட்டினார். தோட்டாவின் பித்தளை விளிம்பைக் கவ்விப் பின்னால் இழுப்பது அதன் வேலை. இழுத்து வரும் வழியில் ஒரு சின்ன முளை தோட்டாவின் அடியில் இடிக்கும். இடித்ததும் தோட்டா பக்கவாட்டில் எகிறி ஜன்னல் வழியே வெளியே போகும். கொக்கியின் கூர் மழுங்கவில்லை. முளையும் சரியாக இருந்தது. குழாயின் அறையில் துரு இல்லை.

"அப்ப ஒண்ணுமே கோளாறு இல்ல," என்றான் நவீன்குமார். "ஆஸ்பத்திரிக்கு போனா வலி போயிரும்ல மேடம், அந்த மாதிரி. போலீஸ பாத்ததும் சரியாயிருச்சு."

"அண்ணே, புகைய வெச்சு போல்ட்ட தள்ற ஓட்டை எங்க இருக்குது இதுல?"

அருள்ஜோசப்பின் முகம் மலர்ந்தது. சரியான கேள்விக்காக முப்பது வருடம் காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். "அது இதுல இல்லீங்க. இது வேற ஜாதி."

தானாகத் தோட்டா மாற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வெடிப்புப் புகையில் கொஞ்சத்தைத் திருடிக்கொள்ளும். குழாயில் உள்ள துளை வழியே வரும் அந்தப் புகை ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போல்ட்டைப் பின்னால் தள்ளும். பொன்னுசாமியின் துப்பாக்கி அப்படிப்பட்டதல்ல. அதற்குள் ஒரு கனமான போல்ட்டும், அதன் முன்னால் ஒரு குட்டையான, முரட்டு ஸ்பிரிங்கும் மட்டுமே உண்டு. சுட்டவுடன் துப்பாக்கி முழுவதும் பின்னால் உதைக்கிறது. கனமான போல்ட் மட்டும் உடனே நகராமல் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அதனால் நடுவில் ஸ்பிரிங் நசுங்குகிறது. நசுங்கிய ஸ்பிரிங் மறுகணம் விரிந்து போல்ட்டைப் பின்னால் எறிகிறது. கொக்கி தோட்டாவை இழுப்பதும், முளை இடிப்பதும், ஜன்னல் வழியே தோட்டா பறப்பதும் அதற்குப் பிறகுதான்.

"புரியலீங்க," என்றாள் தர்ஷினி.

"பாகலூர் டவுன் பஸ் மேடம்," என்றான் நவீன்குமார். பாகலூர்தான் அவன் ஊர். "டிரைவர் திடீர்னு வண்டிய எடுப்பான். பஸ் முன்னால போகும், நின்னுட்டு இருக்கறவன் அங்கயே நிக்கப் பாப்பான், பின்னால இருக்கற அம்மா மடில போயி விழுவான். அந்த நிக்கறவன்தான் போல்ட்டு."

"சரியா சொன்ன," என்றாள் மேரிராணி. "இப்ப சொல்லு. பஸ் நகரவே இல்லேன்னா?"

"யாரும் விழமாட்டான்."

அவன் சொல்லி முடித்துவிட்டு, தான் சொன்னதைத் தானே ஒருமுறை கேட்டவன் போல நின்றான்.

அருள்ஜோசப் துப்பாக்கியை மறுபடி பூட்டினார். அதே டப்பாவில் இருந்து ஆறாவது தோட்டாவைப் போட்டார். இந்த முறை தோளில் வைக்கவில்லை. குவாரியில் வெட்டிப் போட்டிருந்த ஆளுயரக் கருங்கல் ஒன்றில் துப்பாக்கிக் கட்டையின் பின்பக்கத்தை இறுக்கி அண்டக் கொடுத்து, எதிரே இருந்த பாறைச் சுவரைப் பார்த்துச் சுட்டார்.

சத்தம் வந்தது. புகை வந்தது. தோட்டா வரவில்லை. ஜன்னல் மூடியபடியே இருந்தது.

"தோள் எவ்வளவு உறுதியா இருந்தாலும் ஒரு விரக்கடை பின்னால போகும்," என்றாள் மேரிராணி. "கல்லு போகாது. அன்னிக்கு இந்தத் துப்பாக்கிய யாரும் கையில பிடிச்சு சுடல தர்ஷினி. அசையாத எதுலயோ வெச்சு இறுக்கிக் கட்டியிருக்காங்க."

தர்ஷினி ஜீப்பில் சாய்வதை விட்டு நேராக நின்றாள். "கட்டி வெச்சது பொன்னுசாமியாவே இருக்கலாமே."

"இருக்கலாம். ஜெகதீஷ் எந்த ஆஸ்பத்திரி?"

"ஓசூர்லதான். நாலு மணிக்கு டாக்டர் அவன வீட்டுக்கு அனுப்பறாரு."

"அதுக்குள்ள வந்துடறோம்."

தளி தாண்டியதும் சாலையில் வண்டிகள் குறைந்தன. ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கூடாரங்கள் முடிந்து ராகி வயல்கள் தொடங்கின. ஒரு பேருந்து நிறுத்தத்தில் யாரும் இல்லை. அடுத்ததிலும் இல்லை.

"அட விடுங்க மேடம், இவ்ளோ தூரத்துல ஒரு ஆளு எப்படி தனியா இருக்கறாரு," என்றான் நவீன்குமார். "சண்டை போடக்கூட பக்கத்து வீடு இல்ல."

பொன்னுசாமியின் வீடு ஒற்றை அறை. கொடியில் ஒரு துண்டு, அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். சுவரோரம் கேரம் போர்டு ஒன்று சாத்தியிருந்தது. அதன் மேல் பவுடர் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"தனி ஆளுக்கு எதுக்கு மேடம் கேரம் போர்டு? தனியா ஆட முடியுமா?"

"முடியும். வெள்ளைக்கு ஒரு தடவ, கருப்புக்கு ஒரு தடவ, எழுந்து எதிர்ப்பக்கம் போயி உக்காரணும்."

"யாரு அப்படி ஆடுவாங்க?"

"நான் ஆடியிருக்கேன்," என்று சொல்லிவிட்டு மேரிராணி வெளியே நடந்தாள்.

நிலத்தின் எல்லையில் கருங்கல் கால்கள் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. ஜெகதீஷ் விழுந்ததாகக் கோப்பில் எழுதியிருந்த இடத்துக்கு நேர் எதிரே இருந்த கல்லுக்காலின் முன் அவள் மண்டியிட்டாள். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், கல்லின் சொரசொரப்பில் ஆரஞ்சு நிற நூல் பிசிறுகள் இரண்டு வரிசையாக ஒட்டியிருந்தன.

"லாரில லோடு கட்டற ராட்செட் பெல்ட்டு," என்றான் நவீன்குமார். "லிவர அடிச்சு இறுக்குவாங்களே, அது. ஆனா இவ்ளோ கீழயா?"

"மனுஷன் உயரம் இல்ல இது. காட்டுப்பன்னி உயரம்."

கல்லுக்காலின் அடியில், காய்ந்த புல்லுக்குள் நீலமாக ஏதோ தெரிந்தது. உள்ளங்கை அகலத்தில், கட்டைவிரல் கனத்தில் ஒரு ரப்பர் போன்ற துண்டு. மேரிராணி அதைக் கைக்குட்டையால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். ஒவ்வொரு மூலையையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"என்ன மேடம்?"

"இது பேட். மெஷின்ல ஒரு ஜாப்ப, அதாவது கடையற பாகத்த, இறுக்கும்போது கிளாம்ப் பட்டு கீறல் விழக்கூடாதுன்னு நடுவுல வெக்கறது. நாலு மூலையும் பாரு. கையில குத்தக்கூடாதுன்னு ஒரே அளவுல மழுக்கியிருக்கான். வேலை தெரிஞ்சவன்."

"ஓசூர் ஷிப்ட் பஸ்ல ஏர்றவங்கள்ல பாதிப் பேரு வேலை தெரிஞ்சவங்கதான் மேடம்."

"பொன்னுசாமி பத்தொம்பது வருஷமா இந்தத் துப்பாக்கி வெச்சிருக்காரு. இது உதைச்சாத்தான் ஓடும்னு அவருக்குத் தெரியும். அவரு கட்டியிருந்தா உதைக்க இடம் விட்டு கட்டியிருப்பாரு. இத பண்ணவனுக்கு துப்பாக்கி தெரியாது. மெஷின் நல்லா தெரியும்." அவள் கல்லுக்காலைத் தட்டினாள். "எங்க தொழில்ல மொத நாள் சொல்லித் தர்றது ஒண்ணுதான். ஜாப் ஆடக்கூடாது. முடி அளவு ஆடினாலும் அளவு போயிரும். அவனும் கத்துக்கிட்டபடியே இறுக்கிட்டான். ஆடினாத்தான் வேலை செய்யற ஒரு பொருளை ஆடாம பிடிச்சுட்டான்."

நவீன்குமார் பையிலிருந்து கோப்பின் நகலை எடுத்துப் புரட்டினான். ஒரு பக்கத்தில் அவன் விரல் நின்றது. அடுத்து ஒரு கிண்டல் வரும் என்று மேரிராணி காத்திருந்தாள். வரவில்லை.

"மேடம், அடிபட்டவன் என்ன வேலை பாக்கறான்னு எழுதியிருக்குது. சிப்காட்ல ஃபிக்சர் செட்டர்."

ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்துக்குப் பெயர்தான் ஃபிக்சர்.

மருத்துவமனைக் கட்டிலில் ஜெகதீஷ் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முப்பத்து நான்கு வயது. பெண் எடுத்த ஊர் ஜவளகிரி. அங்கே பொன்னுசாமியின் நிலத்தை ஒட்டி ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நிலக்கடலை போட்டிருந்தான். வீட்டுக்குப் போவதற்காகத் தலை சீவியிருந்தான். தர்ஷினி கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

மேரிராணி கட்டிலின் ஓரத்தில் நீலத் துண்டை வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

"நானும் சிப்காட்தான். இருபத்திரண்டு வருஷம் குவாலிட்டி," என்றாள் அவள். "ஒரு கம்ப்ளைண்ட் தம்பி. வேலை சுத்தமில்ல."

"என்ன வேலைங்க?"

"பேட்ட நேரா வெக்கல. பெல்ட் லூஸு. சுடும்போது துப்பாக்கி ஆடிருச்சு. அதான் தோட்டா உள்ளயே மாட்டிக்கிச்சு."

"கத்துக்குட்டி பண்ண வேலை மேடம்," என்றான் நவீன்குமார், கொட்டாவி விட்டபடி. "எங்க ஊர்ல கூரை ஷீட்டு கட்டறவன் இதவிட நல்லா கட்டுவான்."

ஜெகதீஷின் காது சிவந்தது. "லூஸா இல்ல. ரெண்டு பெல்ட்டு போட்டு, ரெண்டு பக்கமும் பேட் குடுத்து... அசைச்சுப் பாத்தேன். ஆடவே ஆடாது."

மூன்று பேரும் அந்த வார்த்தையைக் கேட்டார்கள். தான் சொன்னது அவன் காதில் கடைசியாகத்தான் விழுந்தது.

தர்ஷினி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அதன் பிறகு நடந்ததை அவனே சொன்னான்.

காட்டுப்பன்றி இரண்டு முறை கடலையைத் தோண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பொன்னுசாமி ஓசூரில் ராணுவ கேண்டீனுக்குப் போவார், இருட்டிய பிறகுதான் திரும்புவார். பெட்டிச் சாவி எங்கே தொங்கும் என்று அவனுக்குத் தெரியும். துப்பாக்கியை எடுத்துக் கல்லுக்காலில் கட்டி, பன்றி இடறினால் வெடிக்கும்படி விசையிலிருந்து குறுக்கே ஒரு கயிறு இழுத்துக் கட்டினான். அன்று அவர் வழக்கத்துக்கு முன்பே பேருந்தில் வந்து இறங்குவது தூரத்தில் தெரிந்தது. அவர் பார்ப்பதற்குள் கழற்றிவிட ஓடியவன், தான் கட்டிய கயிற்றிலேயே இடறினான்.

"அவருதான் சுட்டாருன்னு ஏன் சொன்ன?" தர்ஷினி கேட்டாள்.

"நான் சொல்லலீங்க. யாரு துப்பாக்கின்னு கேட்டீங்க. அய்யாதுன்னேன். சுட்டது அவரான்னு கேட்டீங்க." அவன் போர்வையின் ஓரத்தைத் திருகினான். "தலைய ஆட்டிட்டேன். அதுக்கப்பறம் தெனமும் மாத்தி சொல்லலாம்னுதான் நெனச்சேன். வேலை போயிரும், ரெண்டு புள்ளைங்க. அவரு ஒண்டி ஆளுதானேன்னு..."



மாலை ஐந்தரைக்கு, தர்ஷினி வாங்கித் தந்த தனி அனுமதியோடு போனபோது, கிளைச் சிறையில் கைதிகளைப் பார்க்கும் மனு அறையில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பொன்னுசாமி வந்து நின்றார். முகம் மழித்து, சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் போட்டிருந்தார். முன்பின் தெரியாத இருவர் தனக்காக வந்திருப்பதைப் பார்த்து, பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். மேரிராணி தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

"ஜெகதீஷ் எல்லாம் சொல்லிட்டாரு. வாக்குமூலம் எழுதிக் கையெழுத்தும் ஆயிருச்சு. துப்பாக்கி லைசென்ஸ் போகும், அத நான் தடுக்க முடியாது. ஆனா நாளைக்கு நீங்க வெளிய வந்துருவீங்க."

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. "கால் எப்படி இருக்குதுங்க அவனுக்கு?"

"நடக்கறாரு. கல்லுக்கால்ல இருந்து துப்பாக்கிய அவுத்தது நீங்கதான?"

"ஆமாங்க. மொதல்ல துண்ட கிழிச்சு அவன் காலக் கட்டினேன். தூக்கிட்டுப் போயி பால் வண்டில ஏத்திவிட்டேன். அப்பறம் வந்து அவுத்து உள்ள வெச்சேன். பெல்ட்ட கெணத்துல போட்டேன்."

"போல்ட்ட ஒரு தடவ கையால இழுத்திருந்தா காலித் தோட்டா வெளிய வந்திருக்கும். நாங்க யாரும் எதையும் கண்டுபிடிச்சிருக்க மாட்டோம்."

"தெரியுங்க. கையெல்லாம் அவன் ரத்தம். நடுங்கிருச்சு."

"அவரு உங்க மேல பழி போட்டாரே. அப்பவும் ஏன் சொல்லல?"

பொன்னுசாமி வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டார். "ஏழு வருஷமா வாரத்துல ஒரு நாளாச்சும் கேரம் ஆட வருவான். வேற யாரும் வர்றதில்லீங்க. நான் சொல்லியிருந்தா அவன் உள்ள போவான், வெளிய வந்தாலும் என் வீட்டுப் பக்கம் திரும்ப மாட்டான். சொல்லாம இருந்தா கால் ஆறினதும் மனசு கேக்காம இங்க வந்து பாப்பான்னு நெனச்சேன். இந்த எட்டு நாளா மனுவுக்குப் பேரு கூப்பிடறப்பல்லாம் எந்திரிச்சு நின்னேன்."

நவீன்குமார் வலையருகே குனிந்தான். "அவன் தப்பு பண்ணவன் அய்யா."

"ஆமா. பெரிய தப்புதான்." அவர் அதை மறுக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு மேரிராணியைக் கேட்டார். "அவன இங்கதான் கொண்டாருவாங்களா?"

"ரிமாண்ட் பண்ணா இங்கதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எட்டு நாட்களில் அந்த இடத்தின் ஒழுங்கெல்லாம் அவருக்குப் பிடிபட்டிருந்தது.

"புதனும் சனியும்தான் பாக்க விடுவாங்க. பத்து மணிக்குள்ள பேரு குடுத்தறணும், இல்லேன்னா திருப்பி அனுப்பிருவாங்க." வலைக்குப் பின்னால் அவர் உதடுகள் ஏதோ கணக்குப் போட்டன. "ஜவளகிரில ஏழே காலுக்கு ஒரு பஸ்ஸு இருக்குதுங்க. அதுல ஏறினா வந்துரலாம்."